ஜெனரேட்டர் கரண்டு கம்பத்துக்குப் போகக் கூடாது: வீட்டில் சரியாக இணைப்பது எப்படி?

ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால், பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னை மட்டை லைன் மேல் விழுந்து கரண்டு போவது வழக்கமான சங்கதி. ஊருக்குள் என்றால் சீக்கிரம் சரியாகிவிடும். தோட்டத்து வீட்டுக்கு அப்படியில்லை. லைன் கடைசியில் இருக்கும் சாளைக்கு ஆள் வந்து, அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டி முடிப்பதற்குள் ஒரு ராத்திரி போய்விடும். அதனால்தான் கையில் தூக்கி வைக்கும் அளவிலான 2 கேவிஏ, 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரை இங்கே பல வீடுகளில் பார்க்கலாம். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் அவசரத்துக்கு வாங்கி, அவசரத்துக்கு ஒயர் இழுத்து மாட்டியவை அப்படியே இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிளக்கில் சொருகிவிட்டால் போதும் என்பார் ஒருவர். மெயினை ஆஃப் செய்தால் போதும் என்பார் இன்னொருவர். பேஸை, அதாவது கரண்டு வரும் ஒயரை மட்டும் மாற்றினால் போதும் என்று எலக்ட்ரீஷியனே சொல்வதும் உண்டு. இந்த மூன்றுமே ஏன் தப்பு என்பதைப் புரிந்துகொள்ள, கரண்டு வீட்டுக்கு வரும் பாதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கரண்டு வரும் பாதை

துணை மின் நிலையத்திலிருந்து 11,000 வோல்ட் லைன் உங்கள் ஊர் டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. டிரான்ஸ்பார்மர் அதை 433 வோல்ட்டாக இறக்குகிறது. அது இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள அளவு. ஒரு பேஸுக்கும், கரண்டு திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலுக்கும் நடுவே பார்த்தால் 250 வோல்ட். கம்பம் கம்பமாகக் கடந்து வீட்டுக்கு வந்து சேரும்போது 230 வோல்ட் அளவில் நிற்கும். வீட்டில் மீட்டர், அதற்கு அப்புறம் மெயின் சுவிட்ச், அதற்கு அப்புறம் எம்சிபிக்கள் (சுமை மிஞ்சினால் தானாக விழும் சுவிட்சுகள்) உள்ள டிபி பாக்ஸ், அங்கிருந்து லைட்டுக்கும் ஃபேனுக்கும் பிளக்குக்கும் ஒயர்கள் பிரிந்து போகின்றன.

இந்தப் பாதையில் ஒரு வழிக் கதவு எங்கேயும் கிடையாது. மீட்டரும் மெயினும் எம்சிபியும் கரண்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. டிரான்ஸ்பார்மரும் அப்படித்தான். மேலிருந்து கொடுத்தால் இறக்கும், கீழிருந்து கொடுத்தால் ஏற்றும்.

வந்த வழியே திரும்பிப் போனால்

லைன் கரண்டு இல்லாத நேரத்தில் வீட்டு ஒயரிங்கில் ஜெனரேட்டரைச் சேர்க்கிறோம், மெயின் ஆன் ஆகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டரின் 230 வோல்ட் மீட்டர் வழியாக சர்வீஸ் ஒயருக்கு ஏறி, கம்பத்துக்குப் போய், டிரான்ஸ்பார்மரையும் எட்டும். 11,000-ஐ 250-ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மரின் விகிதம் 44. அதே விகிதத்தில் திரும்பி ஏறினால் 230 வோல்ட், 10,000 வோல்ட்டைத் தாண்டும். கரண்டு இல்லை என்று நம்பி ஒருவர் கைவைக்கும் 11,000 வோல்ட் லைனில் அது போய் நிற்கும்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: “ஜெனரேட்டர் சின்னது. பக்கத்து வீட்டு ஃபேனும் மோட்டாரும் சேர்ந்து இழுத்தால் அதுவே திணறி நின்றுவிடும்.” நெருக்கமான தெருவில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். பல வீடுகளில் இத்தனை வருஷம் எதுவும் நடக்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் தோட்டத்து லைனில் அந்தக் கணக்கு செல்லாது.

ஒரு தோட்டத்துக்குப் போகும் லைனில் கடைசி நான்கு கம்பங்களுக்கு உங்கள் வீடு ஒன்றுதான் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாவது கம்பத்துக்கும் மூன்றாவது கம்பத்துக்கும் நடுவே மட்டை விழுந்து கம்பி அறுந்துவிட்டது. அறுந்த துண்டின் ஒரு முனை வரப்பில் கிடக்கிறது, மறுமுனை உங்கள் வீட்டுப் பக்கம் கம்பத்தில் நிற்கிறது. அந்தத் துண்டில் ஜெனரேட்டரைத் திணறடிக்க வேறு வீடே இல்லை. ஜெனரேட்டர் சுகமாக ஓடும், லைட் பளிச்சென்று எரியும், வரப்பில் கிடக்கும் கம்பியில் 230 வோல்ட் இருக்கும்.

லைன்மேன் வருகிறார். டிரான்ஸ்பார்மரில் ஏபி சுவிட்சை (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அவர் அணைத்தது டிரான்ஸ்பார்மர் பக்கத்தை. உங்கள் பக்கத்திலிருந்து வருவதை அவரால் அங்கிருந்து அணைக்க முடியாது. கம்பியை மண்ணோடு சேர்க்கும் எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது முறை. அறுந்த கம்பிக்கு ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் மறுபக்கத்துக்கு அது காப்பு ஆகாது. ராத்திரி, மழை, சேறு, அடுத்த ஊரிலிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கிறது. அனுபவம் உள்ள லைன்மேன் கம்பம் ஏறும் முன் தோட்டத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: “ஏனுங்க, ஜெனரேட்டர் ஓடுதுங்களா? ஓடுனா ஆஃப் பண்ணிப்போடுங்க, நான் சொன்னப்புறம் போட்டுக்கலாம்.” இன்ஜின் சத்தத்தில் அது உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். 3 கேவிஏ ஜெனரேட்டர் 13 ஆம்பியர் கொடுக்கும். மனித உடம்பு தாங்கும் எல்லையாக எடுத்துக்கொண்டு வீட்டு ஆர்சிசிபியை (கரண்டு கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியருக்கு அமைக்கிறார்கள். ஜெனரேட்டர் கொடுப்பது அதைப்போல 400 மடங்குக்கு மேல். கொல்லும் விஷயத்தில் சின்ன ஜெனரேட்டர், பெரிய ஜெனரேட்டர் என்ற வித்தியாசமே இல்லை. வரப்பில் கிடக்கும் கம்பியை மிதிப்பது லைன்மேனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தண்ணி பாய்ச்சப் போகிறவர், மாடு, பள்ளிக்கூடம் போகும் குழந்தை, யாராகவும் இருக்கலாம்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர்

இதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். பத்துப் பதினைந்து மீட்டர் ஒயர், இரண்டு முனையிலும் 15 ஆம்ஸ் பிளக், இரண்டு முனையிலும் மும்மூன்று பித்தளைக் கால்கள். ஒரு முனை ஜெனரேட்டர் சாக்கெட்டுக்கு, மறுமுனை வீட்டுச் சுவரில் உள்ள சாக்கெட்டுக்கு. ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டு முனையை யாராவது பிடுங்கினால், அவர் கையில் இருக்கும் அந்தப் பளபளக்கும் கால்களில் 230 வோல்ட் இருக்கும். ஜெனரேட்டர் முனையைப் பிடுங்கும்போது லைன் கரண்டு வந்திருந்தாலும் அதே கதிதான். விரலுக்கும் பேஸுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது.

வீடு முழுக்க ஓட வேண்டிய கரண்டு, ஒரே பிளக் பாயிண்டுக்கு இழுத்த ஒயர் வழியாகத் தலைகீழாக ஓடுகிறது. அந்த ஒயரை அதற்காக இழுக்கவில்லை. மெயினை ஆஃப் செய்ய மறந்தால் மேலே சொன்ன எல்லாமே நடக்கும். வீட்டில் அப்படி ஓர் ஒயர் இருந்தால் இன்றைக்கே ஒரு பக்கத்துப் பிளக்கை வெட்டி எடுத்துவிடுங்கள். சுருட்டிப் பரண் மேல் வைத்தால் அடுத்த ஆடியில் யாராவது கீழே இறக்குவார்கள்.

“மெயினை ஆஃப் பண்ணிட்டேனே, போதாதா?”

போதாது. காரணங்கள்:

1. அது நினைவை நம்பி நிற்கிறது. தினமும் செய்கிற வேலையை யாரும் மறக்க மாட்டார்கள். வருஷத்தில் நாலு தடவை, இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் செய்கிற வேலை மறந்து போகும்.

2. செய்தவருக்கு மட்டுமே அது தெரியும். அப்பா மெயினை அணைத்துவிட்டு ஜெனரேட்டரைப் போட்டுப் படுத்துவிடுகிறார். தெரு விளக்கு எரிவதைப் பார்த்த மகன், கரண்டு வந்துவிட்டதே என்று நல்லெண்ணத்தில் மெயினைத் தூக்கிவிடுகிறான்.

3. பழைய வீடுகளில் மெயின் என்பது பேஸை மட்டும் துண்டிக்கும். ஃபியூஸ் கட்டையை உருவினாலும் நியூட்ரல் கம்பம் வரை சேர்ந்தே இருக்கும். அது ஏன் கவலை தரும் விஷயம் என்பது கீழே வருகிறது.

ஜெனரேட்டர் ஓடும்போது மெயின் ஆன் ஆகி, லைன் கரண்டும் வந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒன்றின் அலை ஏறும்போது இன்னொன்றின் அலையும் ஏறும் என்று எந்த உறுதியும் இல்லை. நேர் எதிராக அமைந்தால் இரண்டுக்கும் நடுவே 460 வோல்ட் வித்தியாசம் நிற்கும். அந்த மோதலில் மின்வாரிய லைன் தோற்காது. ஜெனரேட்டரின் காயில் எரியும், இன்ஜினின் தண்டுக்கு அடி விழும், பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

ஆக, லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேரவே முடியாதபடி அமைப்பே தடுக்க வேண்டும். மனுஷன் மறந்தாலும் இரும்பு மறக்காது என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு.

வழி ஒன்று: வீட்டு ஒயரிங்கைத் தொடாமல் விடுவது

ஜெனரேட்டரிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஃபிரிட்ஜ், ஒரு டேபிள் ஃபேன், இரண்டு லைட், செல்போன் சார்ஜர் ஆகியவற்றை நேராக அதில் சொருகுவது. செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் தேவைக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஒயர் மட்டும் தடிமனாக இருக்க வேண்டும். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 13 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 11 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் 4 வோல்ட்டோடு நிற்கும். ரீலில் சுற்றியபடியே ஓட்டினால் ஒயர் சூடேறி உருகும், முழுக்கப் பிரித்துப் போட வேண்டும்.

காது குத்து, சீர் என்று விசேஷத்துக்கு வாடகை ஜெனரேட்டர் கொண்டுவரும்போதும் இதுதான் சரி. பந்தல் லைட்டும் மைக்செட்டும் தனி ஒயரில் ஓடட்டும். வீட்டு மெயினில் ஒயரை முறுக்கி மாட்டி வீட்டுக்கும் சேர்த்துக் கொடுப்பதற்கு யாரையும் விட வேண்டாம்.

வழி இரண்டு: சேஞ்ச் ஓவர் சுவிட்ச்

சீலிங் ஃபேனும் வீட்டு லைட்டும் எரிய வேண்டும் என்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். அதற்கு மூன்று நிலைகள்: ஒரு பக்கம் இ.பி., நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். உள்ளே இருக்கும் கைப்பிடி ஒன்றுதான். அது ஒரு பக்கம் தொட வேண்டுமானால் மறுபக்கத்தை விட்டே ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தொட வழியே இல்லை.

வாங்கும்போதும் மாட்டும்போதும் பார்க்க வேண்டியவை:

1. அளவு. ஜெனரேட்டர் 13 ஆம்பியர்தானே என்று 16 ஆம்பியர் சுவிட்ச் வாங்குவது அடிக்கடி நடக்கும் தப்பு. வருஷம் முழுக்க இ.பி. கரண்டும் அதே சுவிட்ச் வழியாகத்தான் ஓடும். மெயின் 32 ஆம்பியர் என்றால் சேஞ்ச் ஓவரும் குறைந்தது 32, மெயின் 63 என்றால் 63.

2. இடம். மீட்டருக்கும் மெயினுக்கும் அப்புறம், டிபி பாக்ஸுக்கு முன்னால். மீட்டருக்கு முன்னால் உள்ள எதுவும் மின்வாரியத்துக்கு உரியது, சீலில் கை வைக்கக் கூடாது.

3. ஜெனரேட்டர் பக்கத்துக்குத் தனி எம்சிபி. 3 கேவிஏ என்றால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி.

4. வீட்டு வெளிச் சுவரில் ஜெனரேட்டருக்கென்று ஓர் இன்லெட். நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக் கடைகளில் கிடைக்கும். கால்கள் உள்ள பாகம் சுவரில் இருக்க வேண்டும், ஓட்டைகள் உள்ள பாகம் ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒயரில் இருக்க வேண்டும். இதை மாற்றி மாட்டினால் பழைய இரண்டு பக்கப் பிளக் ஒயர்தான் வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

5. முழு வீட்டையும் மாற்றாமல், லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் மட்டும் உள்ள ஒரு தனி டிபியை மாற்றுவது 3 கேவிஏ ஜெனரேட்டருக்கு இன்னும் நல்லது. கீசரையோ ஏசியையோ யாரும் தெரியாமல் போட்டு ஜெனரேட்டரை நிறுத்தும் பேச்சே இருக்காது.

இந்த வேலையை ஒயர்மேன் தகுதிச் சான்றிதழ் உள்ளவரிடம் கொடுங்கள். வேலை முடிந்ததும் அவரை இரண்டு விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, சேஞ்ச் ஓவர் ஜெனரேட்டர் நிலையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, இ.பி. மெயினை அணைத்தபடி, சேஞ்ச் ஓவரின் இ.பி. முனைகளில் கரண்டு எதுவும் இல்லை என்பது. இரண்டு, இ.பி. நிலையில் வீடு ஓடும்போது வெளிச் சுவர் இன்லெட்டின் கால்களில் கரண்டு இல்லை என்பது. இரண்டையும் மல்டிமீட்டரில் காட்ட வேண்டும். ஸ்குரூ டிரைவர் மாதிரி இருக்கும் டெஸ்டர், பக்கத்து ஒயரின் தூண்டலுக்கே லேசாக எரியும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

நியூட்ரல் எனும் பலவீனமான இடம்

“பேஸை மட்டும் மாத்தினா போதுங்க, நியூட்ரல் காமன்தானே” என்ற பேச்சுதான் இந்த விஷயத்தில் மிகவும் பரவலான தப்பு. இதில் ஜெனரேட்டரின் நியூட்ரல், வீட்டு நியூட்ரல் வழியாகக் கம்பத்து நியூட்ரலோடு எப்போதும் சேர்ந்தே இருக்கும். பேஸ் லைனுக்குப் போகவில்லையே, அப்புறம் என்ன என்று தோன்றும்.

ஜெனரேட்டர் ஒயரில் பிளக் மாட்டியவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நடக்காத விஷயமே இல்லை. லைட்டும் ஃபேனும் அப்போதும் ஓடும், யாருக்கும் தெரியாது. இப்போது நியூட்ரல் என்று நாம் நம்பும் ஒயரில் ஜெனரேட்டரின் பேஸ் நிற்கிறது. அது எந்தச் சுவிட்சும் தடுக்காமல் நேராகக் கம்பத்துக்குப் போகிறது. மாற்றி மாட்டாவிட்டாலும், வீட்டில் எங்காவது பேஸ் ஒயர் எர்த்தைத் தொட்டால் கம்பத்து நியூட்ரலில் வோல்ட்டேஜ் ஏறும். நியூட்ரல்தானே என்று லைன்மேன் தைரியமாகத் தொடும் கம்பி அது.

அதனால் சிங்கிள் பேஸ் வீட்டுக்கு பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் சேஞ்ச் ஓவர். மூன்று பேஸ் வீட்டுக்கு நியூட்ரலோடு சேர்த்து நான்கு போல்.

இதே காரணத்தால் பேஸ் செலக்டர் சுவிட்ச் ஒருநாளும் சேஞ்ச் ஓவர் ஆகாது. ஒரு பேஸ் போனால் இன்னொரு பேஸுக்குத் திருப்பும் அந்தச் சுவிட்ச் நம் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அதில் காலியாக இருக்கும் ஒரு முனையில் ஜெனரேட்டர் பேஸைக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள். நியூட்ரல் அங்கே எப்போதுமே காமன்தான்.

மூன்று பேஸ் வீட்டில் சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர்

வீடு முழுக்க எரிய வேண்டும் என்பதற்காக, சேஞ்ச் ஓவரின் ஜெனரேட்டர் பக்கத்தில் மூன்று பேஸ் முனைகளையும் ஒன்றாக லூப் செய்வார்கள். இதைச் செய்யலாம், ஆனால் மூன்று பேஸ் மோட்டார் எதுவும் அந்த இணைப்பில் இருக்கக் கூடாது. மூன்று முனைக்கும் ஒரே பேஸ் வந்தால் மோட்டார் சுற்றவே சுற்றாது. போர்வெல் மோட்டாரும் கம்ப்ரஸரும் சேஞ்ச் ஓவருக்கு முன்னாலேயே தனி மெயினில் பிரிந்து போக வேண்டும்.

மூன்று பேஸில் நியூட்ரலில் வித்தியாசம் மட்டுமே ஓடும். லூப் செய்தால் மூன்றும் கூடி ஓடும். 3 கேவிஏவில் மொத்தமே 13 ஆம்பியர் என்பதால் நியூட்ரல் தாங்கிக்கொள்ளும். 10 கேவிஏ என்றால் 43 ஆம்பியர், அப்போது நியூட்ரல் ஒயரின் தடிமனைப் பார்த்தே ஆக வேண்டும்.

எர்த்தும் ஆர்சிசிபியும்

சாதாரண நாளில் ஷாக் அடித்தால் ஆர்சிசிபி எப்படி விழுகிறது? பேஸிலிருந்து உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும் கரண்டு, மண் வழியாக டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்குப் போய் நியூட்ரலில் சேர்ந்து வட்டம் முடிகிறது. போனதற்கும் திரும்பி வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஆர்சிசிபி துண்டிக்கிறது.

நியூட்ரலையும் சேர்த்து மாற்றியதும், டிரான்ஸ்பார்மர் எர்த்தோடு இருந்த உறவு அறுந்துவிடுகிறது. கையில் தூக்கும் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் சேராமல் தனியாக நிற்கும். அப்போது பேஸ் ஒயர் கிரைண்டர் பாடியைத் தொட்டாலும் வட்டம் முடியாது, ஆர்சிசிபி சும்மா இருக்கும். முதல் கோளாறு வெளியே தெரியாமலே தங்கிவிடும், இரண்டாவது கோளாறு வரும்போது ஆளை அடிக்கும்.

தீர்வு: ஜெனரேட்டர் நியூட்ரலை ஒரே ஓர் இடத்தில் எர்த்தோடு சேர்ப்பது. அந்த இடம் ஜெனரேட்டர் பக்கத்தில், ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்க வேண்டும். வீட்டு டிபிக்குள் சேர்த்தால் இ.பி. நேரத்தில் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். ஆர்சிசிபியும் சேஞ்ச் ஓவருக்கு அப்புறம், வீட்டுப் பக்கத்தில் இருந்தால்தான் இரண்டு கரண்டுக்கும் காவல். ஜெனரேட்டரோடு வந்த கையேட்டில் நியூட்ரல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு எலக்ட்ரீஷியன் இதைச் செய்யட்டும்.

இதைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆர்சிசிபியில் உள்ள டி பட்டனை அழுத்தினால் அது விழும், சரியாக இருக்கிறது என்று நினைப்போம். அந்தப் பட்டன் உள்ளேயே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கொஞ்சம் கரண்டைச் சுற்றிவிடுகிறது. எர்த்தே இல்லாவிட்டாலும் பட்டன் வேலை செய்யும். எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டரை ஓட்டி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பிளக் பாயிண்டின் பேஸிலும் மறுமுனையை எர்த் ஓட்டையிலும் வைத்துக் காட்ட வேண்டும். வைத்த நொடியில் ஆர்சிசிபி டப்பென்று விழுந்தால் காவல் உயிரோடு இருக்கிறது. லேம்ப் எரியவும் இல்லை, ஆர்சிசிபி விழவும் இல்லை என்றால் நியூட்ரல் அந்தரத்தில் நிற்கிறது, அல்லது எர்த் செத்திருக்கிறது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்து வறண்ட செம்மண்ணிலும் பாறை நிலத்திலும் எர்த் குழி கோடையில் வெறும் குழிதான். கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்கியது பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால், தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

மாடியில் சோலார் இருந்தால்

பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024-ல் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் மாடிகளில் தகடுகள் ஏறின. இவை பெரும்பாலும் ஆன்-கிரிட் வகை. லைன் கரண்டு போனால் தானும் நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தும்போது வீடு ஏன் இருட்டாக இருக்கிறது என்று பலர் கோபப்படுகிறார்கள். கம்பத்தில் இருக்கும் ஆளைக் காப்பாற்றத்தான் அப்படி.

ஜெனரேட்டர் ஓடும் பக்கத்தில் இந்த சோலார் இன்வெர்ட்டரும் சேர்ந்திருந்தால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தெரிந்ததும் லைன் வந்துவிட்டதாக நினைத்து அது வேலையை ஆரம்பித்துவிடலாம். வீட்டுக்கு மிஞ்சியதை ஜெனரேட்டருக்குள் தள்ளும். வாங்கிக்கொள்ள ஜெனரேட்டருக்கு வழியில்லை. வோல்ட்டேஜ் எகிறும், எது முதலில் புகையும் என்று சொல்ல முடியாது. சோலார் இணைப்பு சேஞ்ச் ஓவரின் இ.பி. பக்கத்தில்தான் இருக்க வேண்டும். சோலார் மாட்டியவர் ஒருவர், சேஞ்ச் ஓவர் மாட்டியவர் வேறொருவர் என்றால் இதை நீங்கள்தான் இருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரி யுபிஎஸ் பற்றிப் பெரிய சிக்கல் இல்லை. ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகும் சுமையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

3 கேவிஏ எதையெல்லாம் இழுக்கும்?

எட்டு எல்இடி லைட் 72 வாட், நாலு ஃபேன் 300, ஃபிரிட்ஜ் 200, டிவி 100. மொத்தம் 700 வாட்டுக்குள். மிக்ஸி 750 போட்டாலும் தாங்கும். கீசர், இண்டக்ஷன் அடுப்பு இரண்டும் ஒவ்வொன்றும் 2,000 வாட், ஒன்றைப் போட்டாலே மற்றவை தடுமாறும்.

ஏமாற்றுவது மோட்டார்தான். 1 எச்பி என்றால் 746 வாட், 3 கேவிஏ எடுக்குமே என்று தோன்றும். அந்த 746 தண்டில் கிடைக்கும் சக்தி. மோட்டார் இழுப்பது 1,100 வாட்டுக்குப் பக்கம். கிளம்பும் அந்தச் சில நொடியில் ஓடும் கரண்டைப் போல நாலைந்து மடங்கு கேட்கும், 30 ஆம்பியரைத் தாண்டும். 13 ஆம்பியர் ஜெனரேட்டர் உறுமிவிட்டு நிற்கும். அந்த வோல்ட்டேஜ் இறக்கத்தில் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரும் அடிபடும். ஷட்டவுன் என்று அறிவித்திருந்தால் முந்தின சாயங்காலமே மேல் தொட்டியை நிரப்பிவைப்பதுதான் வழி.

புகை

கரண்டைப் போலவே ஆளைக் கொல்வது இது. இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். புழுக்கத்தால் வந்தது என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

போர்ட்டிகோ, மாடிப்படிக்கு அடி, பாதி இறக்கிய ஷட்டர், மோட்டார் ரூம் எதுவும் கூடாது. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெட்டவெளியில் வைத்து, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், அப்போது வீட்டுக்குக் கிழக்கே வைத்தால் புகை விலகிப் போகும். ஐப்பசி மழையில் காற்று திசை மாறும், இடத்தையும் மாற்ற வேண்டும். மழைக்கு நாலு காலில் ஒரு தகரம் போதும், சுவர் வேண்டாம். கிணற்றுக்குள் எந்த இன்ஜினையும் இறக்கி ஓட்டக் கூடாது. வாயு கீழேயே தேங்கும், காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து போவார்.

பெட்ரோல் ஊற்றுவது இன்ஜினை அணைத்து, சூடு ஆறிய பிறகு.

இயக்கும் வரிசை

இதை எழுதி சேஞ்ச் ஓவர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கரண்டு போனால்:

1. சேஞ்ச் ஓவரை நடு நிலைக்குக் கொண்டுவரவும். ஏசி, கீசர், மோட்டார் சுவிட்சுகளை அணைக்கவும்.
2. ஒயரை இன்லெட்டில் மாட்டவும். ஜெனரேட்டரைக் கிளப்பி இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிடவும்.
3. ஜெனரேட்டர் எம்சிபியைப் போட்டு, சேஞ்ச் ஓவரை ஜெனரேட்டர் பக்கம் திருப்பவும்.
4. ஃபிரிட்ஜை முதலில், மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடவும்.

கரண்டு வந்தால் சேஞ்ச் ஓவரை நடுவில் நிறுத்தி, ஜெனரேட்டரை அணைத்து, ஒயரைக் கழற்றி, அப்புறம் இ.பி. பக்கம். வந்த கரண்டு நிலையாக நிற்கிறதா என்று ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. கம்பி அறுந்து கிடப்பது தெரிந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். சொல்லும்போதே வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, சேஞ்ச் ஓவர் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒத்திகைக்கு மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் நாள் சரியான நாள். பகல் வெளிச்சம் இருக்கும், அவசரம் இருக்காது. வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் ஒருமுறை அந்தக் கைப்பிடியைத் தாங்களே திருப்பிப் பார்க்கட்டும். முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். அப்போதுதான் அடுத்த காற்று நாளில் முதல் இழுப்பிலேயே கிளம்பும்.